‘தானாக’ என்றொரு சொல்: நுண்கூடுகள், விரிசல், உழைப்பு

1

அறிவியலைப் பற்றி நம் சிற்றிதழ்களில் வருகிற எழுத்துக்களைப் பொதுவாக இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று வியப்பு, மற்றது வசை. வியப்பவர்கள் அறிவியலை ஒரு மாயக்காரனின் பையாகப் பார்க்கிறார்கள். வசைபாடுபவர்கள் அது அதிகாரத்தின் கருவி என்று முதல் பத்தியிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். பைக்குள் என்ன இருக்கிறது, கருவி எப்படி இயங்குகிறது என்று இருவருமே கேட்பதில்லை.

‘தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் பொருள்’ என்ற தொடர் இப்போது இந்த இரண்டு பக்கத்திலும் அடிபடுகிறது. நாளிதழ் இணைப்புகளில் அது, காயம் ஆறுவதுபோல விரிசல் ஆறிவிடுகிற அதிசய பிளாஸ்டிக். நம் கூட்டங்களில் அது ஓர் உருவகம். சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நண்பர் ஒருவர், முதலாளியம் அப்படியான ஒரு பொருள், தன்மீது விழும் ஒவ்வொரு விரிசலையும் அது தானாகவே அடைத்துக்கொள்கிறது என்று பேசினார். நானும் கைதட்டினேன். திரும்பி வரும் வழியில்தான், அந்தப் பொருள் நிஜத்தில் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி வந்தது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்குத் தெரியவில்லை. உருவகத்தைக் கையாண்ட நண்பரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

பிறகு கல்லூரியில் வேதியியல் நடத்தும் தோழர் ஒருவரோடு பல மாலைகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கற்றதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்தப் பொருளில் ‘தானாக’ நடப்பது எதுவுமே இல்லை. முன்கூட்டியே செய்து, அடைத்து, புதைத்து வைக்கப்பட்ட உழைப்பு உரிய நேரத்தில் திறந்துகொள்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ சாதாரணமான விஷயமில்லை.

2

முதலில் விரிசலிலிருந்து தொடங்குவோம். ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளிம்பில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் சர்ரென்று நேர்கோட்டில் கிழிந்து போகும். வெட்டுப் போடாமல் இழுத்தால் பலசாலிக்கும் கஷ்டம். துணி அதே துணிதான், கையும் அதே கைதான். வித்தியாசம் அந்தச் சின்ன வெட்டில் இருக்கிறது. இழுவிசை முழுவதும் வெட்டின் முனையில் போய்க் குவிந்துவிடுகிறது. முனையில் உள்ள நூல் அறுந்ததும் சுமை அடுத்த நூலுக்குப் போகிறது, அதுவும் அறுகிறது.

இங்கிலாந்தில் ஏ.ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் கண்ணாடியை வைத்து இதை ஆராய்ந்து 1921இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணாடி கணக்குப்படி எவ்வளவு தாங்கவேண்டுமோ அதைவிட மிகக் குறைவான சுமையிலேயே ஏன் உடைந்துவிடுகிறது? அதனுள் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கின்றன என்பது அவர் சொன்ன பதில். ஒரு பொருள் உடைகிற கதை அது உடைகிற கணத்தில் தொடங்குவதில்லை. வெகுநாள் முன்பே, யாரும் பார்க்காத இடத்தில் தொடங்கிவிடுகிறது.

இன்று விமானத்தின் பாகங்கள், காற்றாலைகளின் இறக்கைகள், மின்சுற்றுப் பலகைகள் எனப் பலவும் எப்பாக்சி என்ற பாலிமரை அடிப்படையாக வைத்துச் செய்யப்படுகின்றன. இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிக் கெட்டியாகிற பிசின் இது. ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாது. உறுதியானது, எடை குறைந்தது, ஆனால் நொறுங்கும் இயல்புள்ளது. வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, அதிர்ந்து அதிர்ந்து, அதன் உள்ளுக்குள் நுண்விரிசல்கள் விழுகின்றன. பொறியியலில் இதைக் ‘களைப்பு’ என்கிறார்கள். உடலுக்குரிய சொல்லைப் பொருளுக்குச் சூட்டுவது இந்தத் துறையில் புதிய பழக்கமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது. தெரிந்தாலும் அங்கே போய்ப் பூச முடியாது. மருந்தை வெளியிலிருந்து கொண்டுபோக முடியாதென்றால், ஆரம்பத்திலேயே உள்ளே வைத்துவிட்டால் என்ன?

3

உள்ளே வைப்பதற்கான வழி வேறொரு இடத்தில், வேறொரு தேவைக்காக ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அது நம் எல்லோர் கையிலும் பட்டிருக்கிறது. கடைகளில் சில பில் புத்தகங்களைக் கவனித்திருப்பீர்கள். மேல்தாளில் எழுதினால் இடையில் கார்பன் தாள் இல்லாமலே கீழ்த்தாளில் நீலமாகப் படியும். மேல்தாளின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்னஞ்சிறு கூடுகள் பூசப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நிறமற்ற சாயம் எண்ணெயில் கரைந்து கிடக்கிறது. பேனா அழுத்துகிற இடத்தில் மட்டும் கூடுகள் உடைகின்றன. கசிகிற திரவம் கீழ்த்தாளில் பூசியிருக்கும் அமிலத்தன்மை கொண்ட களிமண்ணைத் தொட்டதும் நிறம் பெறுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேடன் நகரிலிருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பாரெட் கிரீன் முதலியோர் உருவாக்கிய இந்தத் தாள் 1954இல் விற்பனைக்கு வந்தது.

இந்தக் கூட்டுக்குத்தான் ‘மைக்ரோ கேப்சூல்’ என்று பெயர். நான் நுண்கூடு என்று சொல்கிறேன். முதலில் ஜெலட்டினையும் ஒருவகைப் பிசினையும் கொண்டு கூட்டின் ஓட்டைச் செய்தார்கள். பின்னர் செயற்கைப் பாலிமர்களுக்கு மாறினார்கள். செய்கிற விதம் சமையலறைக்காரர்களுக்கு எளிதில் புரியும். எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றி வேகமாகக் கடைந்தால் எண்ணெய் சிறு சிறு துளிகளாகச் சிதறி மிதக்கும். துளிகள் திரும்பவும் ஒன்றுசேராமல் இருக்க, சோப்பு செய்கிற வேலையைச் செய்யும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். தண்ணீரில் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் கரைந்திருக்கின்றன. அமிலத்தன்மையைக் கூட்டி, சுமார் 55 டிகிரி செல்சியஸில் சில மணிநேரம் கடைந்துகொண்டே இருந்தால், இரண்டும் வினைபுரிந்து பாலிமராகி ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஓடாகப் படிகின்றன. வடிகட்டிக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது பொடி. ஒவ்வொரு பொடித்துகளும் உள்ளே திரவம் கொண்ட ஒரு முட்டை.

கடையும் வேகமே கூட்டின் அளவைத் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்றிலிருந்து 2000 சுற்றுவரை வேகத்தை மாற்றினால், கூட்டின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரிலிருந்து அதில் நூறில் ஒரு பங்குவரை இறங்குகிறது. ஓட்டின் தடிமனோ 200 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரமாகப் பிளந்தால் வருகிற ஒரு கீற்று.

4

இந்தக் கூட்டை விரிசலோடு இணைத்த முக்கியமான பரிசோதனை 2001 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. இலினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஒயிட், நான்சி சாட்டோஸ், ஜெஃப்ரி மூர் முதலியோர் கொண்ட குழு அதைச் செய்தது. ஒயிட் விண்வெளிப் பொறியாளர், 2018இல் காலமானார். மூர் வேதியியலாளர். ஒரு துறைக்குள் மட்டும் இருந்திருந்தால் இது சாத்தியமாகியிருக்காது.

அவர்கள் செய்தது இதுதான். டைசைக்ளோபெண்டாடையீன் என்ற திரவத்தைக் கூடுகளில் அடைத்தார்கள். பெட்ரோலிய ஆலைகளில் எத்திலீன் தயாரிக்கும்போது பக்கவிளைவாகக் கிடைக்கிற திரவம் அது. அந்தக் கூடுகளை, இன்னும் இறுகாத எப்பாக்சியில் கலந்தார்கள். கூடவே இன்னொன்றையும் பொடியாகத் தூவினார்கள். அது வினையூக்கி. ராபர்ட் கிரப்ஸ் உருவாக்கியது, ருத்தீனியம் என்ற அரிய உலோகத்தைக் கொண்டது. இந்த வகை வேதிவினைகளுக்காக 2005இல் கிரப்ஸ் உட்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு எப்பாக்சியை இறுகவிட்டார்கள். இப்போது மருந்தும் உள்ளே, மருந்தைக் கெட்டியாக்கும் பொருளும் உள்ளே, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல்.

விரிசல் வருகிறது. கூட்டின்மீது மோதுகிறது. ஓடு பிளக்கிறது. திரவம் வெளியேறி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல விரிசலின் இரண்டு சுவர்களுக்கும் இடையிலான இடுக்கில் பரவுகிறது. அங்கே வெளித்தெரிந்து நிற்கும் வினையூக்கித் துகள்களைத் தொடுகிறது. திரவம் பாலிமராகி இறுகுகிறது. பிளந்த இரண்டு முகங்களும் ஒட்டிக்கொள்கின்றன. அறையின் வெப்பமே போதும், சூடாக்க வேண்டியதில்லை. முற்றிலும் உடைத்த மாதிரிகளை மீண்டும் பொருத்தி இரண்டு நாள் விட்டு, மறுபடி உடைத்துப் பார்த்தபோது, உடைவை எதிர்க்கும் திறனில் சராசரியாக 60 விழுக்காடும் அதிகபட்சமாக 75 விழுக்காடும் திரும்பக் கிடைத்தன. அடுத்த ஆண்டே அளவுகளைத் திருத்தி 90 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனார்கள்.

இதில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேதியியல் அல்ல, ஓடு. விரிசல் ஏன் கூட்டைத் தேடிப்போய் மோதவேண்டும், சுற்றிக்கொண்டு போய்விடாதா என்று தோழரிடம் கேட்டேன். ‘போயிடும் தோழர். ஓடு சுத்தி இருக்கிற எப்பாக்சியைவிட விறைப்பா இருந்தா விரிசல் ஒதுங்கிப் போயிடும். கூடு உடையாது. உடையலைன்னா அதுக்கு அங்க வேலையே இல்லை’ என்றார். கூடு தன்னைச் சுற்றியுள்ள பொருளைவிட மென்மையாக இருந்தால்தான் விரிசல் அதன் பக்கம் இழுக்கப்படும். அதே சமயம், கலக்கும்போதும் வார்க்கும்போதும் உடைந்துவிடாத அளவுக்கு உறுதியும் வேண்டும். ஓடு மிகவும் தடித்தால் விரிசலுக்குத் திறக்காது, மிகவும் மெலிந்தால் வேலை தொடங்குமுன்பே கொட்டிவிடும். தவிர, கூட்டின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்து எப்பாக்சியோடு இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிடிப்பு இல்லாவிட்டால் கூடு உடையாமல் கழன்றுவிடும். இவ்வளவு கணக்குகளுக்கும் பிறகு கிடைப்பதைத்தான் செய்தித்தாள் ஒரே சொல்லில் ‘தானாக’ என்று எழுதுகிறது.

5

இதனால் பொருள் வலுவாகிறதா? நான் இப்படிக் கேட்டதும் தோழர் திருப்பிக் கேட்டார்: ‘வலுன்னு நீங்க எதைச் சொல்றீங்க?’

நாம் பேச்சில் வலு என்று ஒரே சொல்லால் குறிப்பதைப் பொறியாளர்கள் குறைந்தது மூன்றாகப் பிரிக்கிறார்கள். விறைப்பு என்பது வளையாமை. வலிமை என்பது உடைவதற்குமுன் தாங்கும் சுமை. மூன்றாவது, விழுந்த விரிசலை மேலே ஓடவிடாமல் தடுக்கும் திறன், இதை முறிவெதிர்ப்பு எனலாம். கண்ணாடி விறைப்பானது, ஆனால் முறிவெதிர்ப்பு மிகக் குறைவு. தோல் விறைப்பில்லாதது, ஆனால் அதில் விரிசல் அவ்வளவு எளிதில் ஓடாது.

திரவம் நிரம்பிய கூடுகளை ஒரு பொருளுக்குள் கலப்பது, ஒரு வகையில், அதற்குள் ஓட்டைகளை இடுவதுதான். எனவே விறைப்பு குறைகிறது. இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது இன்னொன்று. மருந்து வேலைசெய்யத் தொடங்குமுன்பே, கூடுகள் இருப்பதனாலேயே எப்பாக்சியின் முறிவெதிர்ப்பு கூடியிருந்தது. இலினாய் குழு 2004இல் வெளியிட்ட அளவீடுகளின்படி அதிகபட்சம் 127 விழுக்காடு உயர்வு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கூடுகள் இல்லாத எப்பாக்சியில் விரிசல் கண்ணாடியில் ஓடுவதுபோல நேராக, வழவழப்பாக ஓடுகிறது. கூடுகள் இருந்தால் அது ஒவ்வொன்றிலும் தடுக்கி, பிரிந்து, மேடுபள்ளமான பல தளங்களில் அலைந்து தன் ஆற்றலை இழக்கிறது. பலவீனமான சில புள்ளிகளைச் சரியான அளவில் உள்ளே அனுமதித்த பொருள், முழுக்க ஒரேசீரான பொருளைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

கருத்தரங்க நண்பரின் உருவகத்தை இங்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஓர் அமைப்பு தனக்குள் சில உடைவுகளுக்கு இடம்விட்டு அதன்மூலமே நிலைக்கலாம். ஆனால் மறுபாதியை அவர் சொல்லவில்லை. ஒரு கூடு ஒருமுறைதான் உடையும். காலியான கூடு காலியானதுதான். அதே இடத்தில் இரண்டாவது முறை விரிசல் வந்தால் அங்கே மருந்து இல்லை. உடலில் காயம் ஆறுகிறதென்றால், உண்ட சோறு இரத்தமாகி மறுபடி மறுபடி அங்கே வந்துசேர்கிறது. இந்தப் பொருளுக்குச் சோறு கிடையாது, கட்டுச்சோறு மட்டும்தான். இதைத் தாண்டத்தான் அதே குழு 2007இல் இரத்தநாளங்களைப்போல நுண்குழாய்கள் ஓடும் பொருளைச் செய்தது. அதில் ஒரே இடம் ஏழு முறைவரை ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘எந்த விரிசலையும் தானாக அடைத்துக்கொள்ளும்’ என்பது உருவகமாகவும் பொய், பொருளாகவும் பொய். இருப்பு தீரும். தீர்ந்ததும் யாராவது நிரப்பவேண்டும். யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் அரசியல் கேள்வி.

6

இனி கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பில் புத்தகத் தாளுக்கே திரும்புகிறேன். அதன் கூடுகளில் சாயத்தைக் கரைத்து வைத்திருந்த எண்ணெய், 1954 முதல் 1971 வரை அமெரிக்காவில் பி.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. எளிதில் தீப்பிடிக்காது, எளிதில் ஆவியாகாது, எளிதில் சிதையாது. நீடித்து உழைக்கும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றின் கரையில் காகித ஆலைகள் வரிசையாக இருந்தன. தாளுக்குக் கூடுகளைப் பூசும் ஆலைகளின் கழிவு ஆற்றில் விழுந்தது. வெட்டியதில் மிஞ்சிய தாள்களை வாங்கி மறுசுழற்சி செய்த ஆலைகளிலும் கூடுகள் உடைந்து எண்ணெய் நீரில் கலந்தது. வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவது என்ற நல்ல காரியமே நஞ்சுக்கு இன்னொரு வாய்க்காலாயிற்று. அந்த எண்ணெய் சிதையவில்லை. சிதையாதது என்றுதானே அதைத் தேர்ந்தார்கள்! ஆற்றின் அடிச்சேற்றில் தங்கியது. மீன்களின் கொழுப்பில் சேர்ந்தது. மீனை உண்ணாதீர்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொல்லவேண்டி வந்தது. ஆற்றுக்கும் மீனுக்கும் நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டுக் கேட்ட தரப்புகளில் ஒனைடா, மெனோமினி என்ற பழங்குடிகளும் உண்டு. கடைசி 63 கிலோமீட்டர் ஆற்றைத் தூர்வாரி முடிக்க 2020 ஆயிற்று. செலவு நூறு கோடி டாலருக்கும் மேல். 17 ஆண்டுகள் பயன்படுத்திய ஓர் எண்ணெயின் கணக்கை முடிக்க அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

விரிசல் ஒட்டும் கூடுகளில் பி.சி.பி. இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் வசைபாடுபவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவேன். ஆனால் கேள்வி அதேதான். ஓட்டைச் செய்யும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. ஓடு செய்யும்போது அதை யார் சுவாசிக்கிறார்கள்? ருத்தீனியம் தனியாக வெட்டி எடுக்கப்படுவதில்லை, பிளாட்டினத்தோடு துணையாக வருவது. அதன் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது. அங்கே மரிகானாவில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்களில் 34 பேரை 2012 ஆகஸ்ட் 16 அன்று காவல்துறை சுட்டுக் கொன்றது. இலினாய் ஆய்வகத்துக்குப் போன சில கிராம் உலோகம் அந்தச் சுரங்கத்திலிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அயோக்கியத்தனம். நான் சொல்வது, ‘தானாக’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பூமிக்கடியில் இறங்குகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

வேறு வழிகள் இல்லாமலும் இல்லை. விலை கூடிய வினையூக்கியைத் தவிர்க்க, கரைப்பானை மட்டும் அடைத்த கூடுகளை இலினாய் குழுவினரே 2007, 2008 ஆண்டுகளில் செய்துபார்த்தார்கள். எப்பாக்சிக்குள் வினைபுரியாமல் மிஞ்சியிருப்பவற்றையே அது இளக்கி ஒட்டவைத்தது. 2008இல் ஆளிவிதை எண்ணெயைக் கூடுகளில் அடைத்து வண்ணப்பூச்சில் கலந்த ஓர் ஆய்வும் வெளியானது. பூச்சில் கீறல் விழுந்தால் கூடு உடைந்து எண்ணெய் கசிகிறது. காற்றுப் பட்டதும் மெல்லிய படலமாகக் காய்கிறது. அடியிலுள்ள இரும்புக்குத் துரு வராமல் காக்கிறது. காற்றே இங்கே வினையூக்கிக்குப் பதில். மரத்துக்கும் ஓவியத்துக்கும் நெடுங்காலமாகப் பூசிவந்த எண்ணெய்தான். ஆனால் அதன் ஓடும் யூரியா-ஃபார்மால்டிஹைடே. ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது.

7

நீடித்து உழைக்கும் பொருள் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் ஒரு பொருள் எவ்வளவு காலம் நீடிக்கவேண்டும் என்பதை வேதியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1924இல் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ‘ஃபீபஸ்’ என்ற ஒப்பந்தக் கூட்டை அமைத்தன. விளக்கின் ஆயுள் 1000 மணி நேரம் என்று வரம்பு கட்டின. அதைவிட நீண்டநேரம் எரியும் விளக்கு செய்தவர்களுக்கு அபராதம். அங்கே தொழில்நுட்பம் நீடிப்புக்கு எதிராகத் திருப்பப்பட்டது. மறுபக்கம், நீடித்தே தீரும் பொருட்களைச் செய்துவிட்டு அவற்றின் முடிவைப் பற்றி யோசிக்காமல் விடுவதும் அதே தர்க்கம்தான். உருகாத எப்பாக்சியைக் கொண்டு செய்த காற்றாலை இறக்கைகளை அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரக் குப்பைமேட்டில் துண்டுதுண்டாக வெட்டிப் புதைத்தார்கள். விளக்கு சீக்கிரம் சாகவேண்டும், இறக்கையோ செத்தபிறகும் சிதையக்கூடாது. இரண்டிலும் செலவு வேறு யாருடைய தலையிலோ விழுகிறது.

நுண்கூடுகளைப் பற்றிய சட்டமும் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்புகிறது. துணிதுவைக்கும் திரவங்களில் மணம் நீடிப்பதற்காக அதேபோன்ற பாலிமர் கூடுகளைக் கலக்கிறார்கள். அவை துணியிலிருந்து சாக்கடைக்கும் அங்கிருந்து கடலுக்கும் போகின்றன. வேண்டுமென்றே கலக்கப்படும் நுண்பிளாஸ்டிக்குகளை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடைசெய்தது. வாசனைக் கூடுகளுக்கு 2029 வரை அவகாசம் கொடுத்தது. விமானத்தின் விரிசலை அடைக்கும் கூடும் சட்டையின் மணத்துக்கான கூடும் செய்முறையில் அக்காள் தங்கைகள். ஒன்றை ஆதரித்து மற்றதை எதிர்ப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் கூட்டுக்குள் இல்லை, அது எந்தத் தேவைக்கு, யாருக்காக என்பதில் இருக்கிறது.

எனவே எழுதுகிறவர்களுக்கும் களத்தில் நிற்கிறவர்களுக்கும் நான் முன்வைப்பது இதுதான். இனி ‘தானாக’ என்ற சொல்லை எங்கே கண்டாலும், தானே ஆறும் பொருள், தானே இயங்கும் ஆலை, தானே சமன்செய்துகொள்ளும் சந்தை என எதுவானாலும், மூன்று கேள்விகளைக் கேட்போம். உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள்? அடைத்தது யார் கை? உடைந்ததும் அது எங்கே போகிறது? இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டு வியப்போம், வசைபாடுவோம், உருவகமும் செய்வோம்.

கட்டுரையை முடித்துத் தோழரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: ‘மாதிரிகளை உடைச்சு, பொருத்தி, மறுபடி உடைச்சுப் பார்த்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதைச் செஞ்ச மாணவர்களை எங்கே காணோம்?’

அவர் சொன்னது சரி. அந்தக் கூடுகளைக் கடைந்து, கழுவி, வடிகட்டி, காயவைத்தவர்களை நானும் ‘குழு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டிருந்தேன்.